மலையில் மக்களவைத் தேர்தல்: நிருபர்களும் வாசகர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் பகுதிநேர நிருபர்களாக இருப்பவர்கள், உள்ளூர் சேனல்களுக்கு வீடியோ எடுப்பவர்கள், சொந்தமாக யூடியூபில் செய்தி போடும் இளைஞர்கள், இவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு டீக்கடையில் சண்டை போடுபவர்கள் எல்லோரும் தேர்தல் நேரத்தில் கேட்கிற கேள்விகள் இவை. சட்ட விதிகள் ஓரளவுக்குத்தான் இருக்கின்றன. இந்தத் தேர்தலால் மலையில் எது மாறும், எது மாறாது என்பதை எப்படி எழுதுவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நம் செய்திகளில் குறைவாக இருப்பது அதுதான்.

நீலகிரி தொகுதி என்றால் ஊட்டி, குன்னூர், கூடலூர்தானே?

அது பாதிதான். 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு இந்தத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மலைமேல் உதகமண்டலம், குன்னூர், கூடலூர். கீழே மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர். நீலகிரி, கோவை, திருப்பூர், ஈரோடு என நான்கு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 2009 தேர்தலிலிருந்து இது பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் செய்தி கோணலாகிவிடும். ஒரே வேட்பாளர் காலையில் கோத்தகிரியில் பசுந்தேயிலை விலையைப் பேசுவார், சாயங்காலம் அவினாசியில் விசைத்தறியையும் குடிநீரையும் பேசுவார். ஊட்டி நிருபர் முதலாவதை மட்டும் கேட்பார், அவினாசி நிருபர் இரண்டாவதை மட்டும். மேலே கொடுத்த வாக்குறுதியைக் கீழே போய்ச் சொல்கிறாரா, கீழே சொன்னதற்கு மேலே பாதிப்பு உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை. இரண்டு பக்க நிருபர்களும் ஒருவருக்கொருவர் குறிப்புகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் போதும், இந்த ஓட்டை அடைபடும். வேறு பத்திரிகைக்காரர் என்று தயங்க வேண்டாம்.

சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வருகிறவர்கள் 'நட்சத்திரத் தொகுதி' என்றே எழுதுகிறார்களே, அதில் என்ன தவறு?

தகவலில் தவறில்லை. 2014-ல் 2ஜி வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஆ.ராசா இங்கே போட்டியிட்டார். நாடே திரும்பிப் பார்த்தது, அவர் தோற்றார். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019-ல் ஜெயித்தார். 2024-ல் அவரை எதிர்த்து ஒன்றிய இணை அமைச்சர் எல்.முருகன் நின்றார், ராசா இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் வயநாடு போகும் வழியில் ராகுல் காந்தியின் ஹெலிகாப்டர் தாளூரில் இறங்கியது, பறக்கும் படையினர் அதைச் சோதனை போட்டார்கள். அன்று இந்தியா முழுக்க டிவியில் நீலகிரிதான்.

தாளூர் என்ற ஊர் அன்றைக்கு எத்தனை முறை திரையில் வந்தது! தாளூரைச் சுற்றியுள்ள பந்தலூர் பக்கத்து மக்கள் யானைக்குப் பயந்து சாயங்காலமே வீட்டுக்குள் அடைகிறார்கள் என்பது எத்தனை சேனல்களில் வந்தது? வெளியூர்ச் செய்தியாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு நாளில் அவர்களால் அவ்வளவுதான் முடியும். மீதியை எழுத இங்கேயே இருக்கிற நாம்தான் இருக்கிறோம். நாமும் ஹெலிகாப்டரையே எழுதினால் அந்த மக்களின் கதையை எழுத ஆள் இல்லாமல் போகிறது.

மலைப் பிரச்சினைகளில் எது டெல்லி கையில் இருக்கிறது? எது சென்னை கையில்? வேட்பாளர்கள் எல்லாவற்றையும் 'செய்து தருவோம்' என்கிறார்களே?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி இதுதான். தேர்தலின் விளைவு என்ன என்று எழுத வேண்டுமானால் முதலில் யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பசுந்தேயிலை விலை: பெரும்பகுதி டெல்லி. தேயிலை வாரியம் 1953-ம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி இயங்கும் ஒன்றிய அரசு அமைப்பு. தொழிற்சாலை விவசாயிக்கு என்ன விலை தர வேண்டும் என்ற பங்கீட்டு முறை வருவது 2003-ல் ஒன்றிய அரசு போட்ட உத்தரவிலிருந்து. இறக்குமதி வரியும் டெல்லிதான். ஆனால் சிறு விவசாயிகள் இலை போடும் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பார்த்துக்கொள்ளும் இன்கோசர்வ் மாநில அரசின் கீழ் வருகிறது. குறைந்தபட்ச ஆதார விலை கேட்டு 2023-ல் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோது இரண்டு அரசுகளையும் பார்த்துத்தான் கேட்டார்கள். 'கிலோவுக்கு இவ்வளவு வாங்கித் தருவேன்' என்று வேட்பாளர் சொன்னால் உடனே கேளுங்கள்: எந்தச் சட்டத்தில், எந்த அமைச்சகத்தில், யார் உத்தரவு போட வேண்டும்? பதில் வந்தால் அதை எழுதுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். இரண்டுமே செய்திதான்.

படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பது: முடிவு டெல்லியில், தொடக்கம் சென்னையில். மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளரும் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் ஒத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களுக்கு இந்த வழியாகத்தான் நடந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. எனவே 'எம்.பி. ஆனதும் முதல் கையெழுத்து' என்று யாராவது படுகர் ஊரான ஹட்டியில் வந்து பேசினால், எம்.பி.க்கு அப்படி ஒரு கையெழுத்து கிடையாது என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டியது நம் கடமை. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்காமலே இந்த விஷயத்தை எழுதி முடித்துவிடுகிறோம்.

கூடலூர் பிரிவு 17 நிலம்: இது மாநிலச் சட்டம், ஆனால் நீதிமன்றங்களைச் சுற்றிவந்த சட்டம். ஜன்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969-ம் ஆண்டு கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, அவர்களிடம் குத்தகைக்கு எடுத்த தோட்ட நிலங்களைப் பற்றியது. அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டால் எந்தச் சட்டமும் நீதிமன்றப் பரிசீலனைக்குத் தப்பிவிடுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னார்களே, அந்த வழக்கின் வேர் கூடலூரின் இந்தச் சட்டம்தான். நாட்டின் வனச் சட்டத்தையே புரட்டிப்போட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர்க் காட்டு மரங்களில் தொடங்கியதுதான். இவ்வளவு பெரிய தீர்ப்புகளைக் கொடுத்த ஊரில் பட்டா இல்லாமல், மின் இணைப்பு இல்லாமல் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'நாங்கள் வந்தால் பட்டா' என்பது கூடலூரில் ஒவ்வொரு தேர்தலிலும் காதில் விழும் வாக்குறுதி. மாநில வருவாய்த் துறை, வனத் துறை, ஒன்றிய அரசின் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், நீதிமன்ற உத்தரவுகள் என்று எந்தக் கதவை முதலில் தட்டப்போகிறார் என்று கேட்காமல் அந்த வாக்குறுதியை அச்சில் ஏற்றாதீர்கள்.

டான்டீ தொழிலாளர்கள்: மாநிலம். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வேலை செய்யும் அரசுத் தோட்டம். ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதுதான் அங்கே முதல் பேச்சு. வீட்டுத் திட்டத்துக்கு ஒன்றிய நிதி வரலாம், தோட்டத்தை நடத்துவது சென்னை.

அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை: முழுக்க டெல்லி. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். அருவங்காடு, மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் போனது. குன்னூர் சட்டமன்றத் தொகுதியில் மக்களவைத் தேர்தல் நேரடியாகத் தொடும் குடும்பங்கள் இவை. அங்கே போய் மாநில ஆட்சியைப் பற்றிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது.

பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடை: 2009-லிருந்து இரவு 9 முதல் காலை 6 வரை. கர்நாடகம், ஒன்றிய அரசு, நீதிமன்றம் மூன்றும் இதில் உண்டு. தமிழக எம்.பி. பேச முடியும், முடிவெடுக்க முடியாது.

இ-பாஸ்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இது வந்தது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால். எந்தக் கட்சியும் கொண்டுவரவில்லை, எந்தக் கட்சியும் தனியாக எடுத்துவிடவும் முடியாது. லாட்ஜ்காரர்களிடமும் டாக்சிக்காரர்களிடமும் இதை வைத்து யாராவது ஓட்டுக் கேட்டால், உத்தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் செய்தியில் சேருங்கள்.

மக்களிடம் கருத்துக் கேட்டால் 'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்கிறார்கள். அதற்கு மேல் எப்படிப் பேச வைப்பது?

மைக்கை நீட்டினால் அந்தப் பதில்தான் வரும். சேனல் லோகோவைப் பார்த்ததும் இது எந்தக் கட்சிச் சேனல் என்று முதலில் கணக்குப் போடுவார்கள், அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள்.

இலை எடை போடும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். சாயங்காலம் சாக்குகளைச் சுமந்துகொண்டு வருவார்கள். தராசில் தூக்கி மாட்டியதும் ஏஜென்ட் எடையைப் படிப்பார், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழிப்பார், சின்ன நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் எடைதான் இருக்கும். விலைக்கான இடம் காலி. விலை பிறகுதான் தெரியும், பணம் அதற்கும் பிறகு. 'எவ்வளவு கழிச்சாங்க அக்கா?' என்று ஆரம்பியுங்கள். தேர்தலைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம், பத்து நிமிடத்தில் அவர்களே வந்து சேர்வார்கள். உரம் என்ன விலை, பையன் திருப்பூரில் எவ்வளவு சம்பளம் வாங்குகிறான், கரடி எந்தத் தோட்டத்தில் வந்தது, போன தடவை ஓட்டுக் கேட்டு வந்தவர் என்ன சொன்னார் என்று எல்லாம் வரும்.

தோட்டத் தொழிலாளர்களிடம் சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் ஆண். பெண்களிடம் அவர்கள் மொழி தெரிந்த இன்னொரு பெண்ணை அழைத்துப்போய்த் தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும். கூடலூர், பந்தலூரில் மலையாளம் தெரியாமல் பாதி ஊரைத்தான் கேட்க முடியும். பெயர் போட வேண்டாம் என்று யாராவது சொன்னால் படத்தையும் போடாதீர்கள். சின்ன ஊர், முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்வார்கள்.

வாக்குச்சாவடிக்குள் போக பிரஸ் கார்டு போதுமா?

போதாது. தேர்தல் ஆணையத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் வழியாக, தேதி அறிவித்த உடனேயே விண்ணப்பிக்க வேண்டும். தொகுதி நான்கு மாவட்டங்களில் இருப்பதால் எந்தெந்தச் சாவடிகளுக்குச் செல்லும் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனாலும் ஓட்டுப் போடும் மறைப்பின் பக்கம் கேமரா திரும்பக் கூடாது. யார் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்பது தெரியும்படி படம் எடுத்தால் ரகசியத்தை மீறிய குற்றம். வரிசையை எடுக்கலாம், விரல் மையை எடுக்கலாம். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வேட்பாளர்களின் ஏஜென்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும், குறைந்தது 50 ஓட்டு. இயந்திரம் பழுது என்ற செய்தி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிளம்பும். பழுது மாதிரி வாக்குப்பதிவிலா, உண்மையான வாக்குப்பதிவிலா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தேர்தல் அன்று வேலையில் இருக்கும் நிருபர் தன் ஓட்டை எப்படிப் போடுவது?

அனுமதிக் கடிதம் பெற்ற ஊடகத்தினரும் அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் வருகிறார்கள், தபால் ஓட்டுப் போடலாம். படிவம் 12டி, தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்.

கடைசி 48 மணி நேரத்தில் என்ன எழுதலாம், என்ன கூடாது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-வது பிரிவு: வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் டிவி போன்ற திரைகளில் வாக்காளரைப் பாதிக்கும் தேர்தல் விஷயத்தைக் காட்டக் கூடாது. 126ஏ: வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு, அதாவது எக்ஸிட் போல், முதல் கட்டம் தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை தடை. இது அச்சுக்கும் உண்டு. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

2024-ல் நமக்கு ஏப்ரல் 19-ல் ஓட்டு முடிந்துவிட்டது, நாட்டில் கடைசிக் கட்டம் ஜூன் 1. அதுவரை 'எங்கள் சர்வேயில் நீலகிரி இவருக்கு' என்று போட முடியாது. நம் பூத்தில் ஓட்டு முடிந்ததால் தடையும் முடிந்தது என்று நினைத்துப் பதிவு போட்ட யூடியூப் நண்பர்கள் உண்டு.

எக்ஸிட் போல் வந்த பிறகும் நிதானமாக இருங்கள். 2024-ல் பெரும்பாலான கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. நாடு தழுவிய கணிப்புக்காகக் கேட்டவர்களில் நம் தொகுதியில் எத்தனை பேர், அவர்களில் மலைமேல் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத கணிப்பை வைத்து உள்ளூர்த் தலைப்பு போடுவது சரியில்லை.

வாக்குப்பதிவு சதவீதம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

மாலையில் சொல்வது உத்தேசம். 2024 ஏப்ரல் 19 அன்று இரவு ஏழு மணி வாக்கில் தமிழ்நாட்டில் 72.09 சதவீதம் என்றார்கள், நள்ளிரவில் அது 69.46 ஆனது. முதல் எண்ணைத் தலைப்பாக வைத்துப் பக்கத்தை மூடிய பதிப்புகள் மறுநாள் காலை மலைக்கு வந்து சேர்ந்தபோது செய்தி பழசாகி இருந்தது. சந்தேகப் பேச்சும் அங்கிருந்தே கிளம்பியது.

நம்ப வேண்டிய தாள் படிவம் 17சி. ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதி, ஏஜென்டுகளுக்கு நகல் கொடுப்பார்கள். நாலைந்து கட்சி ஏஜென்டுகளிடம் அந்த நகலைப் பார்த்து ஒப்பிட உங்களால் முடியும். கிண்ணக்கொரை மாதிரி கோடியில் இருக்கும் ஊர்ச் சாவடிகளிலிருந்து தகவல் வர நேரமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்ட்ராங் ரூம் வாசலில் மாதக்கணக்கில் காத்திருப்பதில் பயன் உண்டா?

உண்டு. 2024-ல் ஏப்ரல் 19-க்கும் ஜூன் 4-க்கும் நடுவில் இயந்திரங்கள் ஊட்டி அரசு பாலிடெக்னிக்கில் இருந்தன. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கண்காணிப்பு கேமராக் காட்சிகள் சுமார் 20 நிமிடம் வரவில்லை. அதிக வெப்பத்தால் ஏற்பட்ட பழுது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். அன்று சிலர் 'இயந்திரம் மாற்றம்' என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள், சிலர் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தார்கள். நின்றது திரையா, பதிவா? கதவின் முத்திரையை வேட்பாளர்களின் ஆட்கள் பார்த்தார்களா? வாசலில் காவல் மாறாமல் இருந்ததா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்கி எழுதுவதுதான் பயம் பரவாமல் தடுக்கும் வழி. அதிகாரிகளையும் அது பொறுப்பாக வைத்திருக்கும்.

பணம் பிடிபட்ட செய்திகளை அப்படியே போடலாமா?

போடுங்கள், ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பறிமுதல். கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல், பர்லியாறு என்று எல்லாச் சோதனைச் சாவடியிலும் நடக்கும். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விற்றுவிட்டு வருகிற விவசாயியும் சிக்குவார், சுற்றுலா வந்த குடும்பமும் சிக்கும். 'கட்டுக்கட்டாகப் பணம் சிக்கியது' என்று முதல் நாள் படத்தோடு போடுகிறோம். ஆவணம் காட்டி அவர் பணத்தைத் திரும்ப வாங்கிய செய்தி எங்கே? முதல் செய்தி போட்ட அதே இடத்தில் அதே அளவில் அதுவும் வர வேண்டும். அந்த விவசாயிக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

பிரஸ் மீட்டில் கவர் கொடுக்கிறார்கள். விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் நிருபருக்கே காசு. என்ன செய்வது?

கவரை வாங்காதீர்கள். இதில் வளைந்துகொடுக்க இடமில்லை.

விளம்பரம் கொஞ்சம் சிக்கலான விஷயம். மலையில் பல பகுதிநேர நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை, மீதிக்கு விளம்பரக் கமிஷன். காலையில் வேட்பாளரிடம் கேள்வி கேட்டவரே சாயங்காலம் அவரிடம் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டும் என்பது நிருபரின் குற்றமில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பவர்களின் குற்றம். தேர்தல் காலத்திலாவது இரண்டு வேலையும் இரண்டு ஆளிடம் இருக்க வேண்டும் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும், ஊட்டி, குன்னூர், கூடலூர் நிருபர்கள் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

விளம்பரத்தைச் செய்தி மாதிரி போடுவது வேறு. மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு அதைக் காசு வாங்கிப் போட்ட செய்தி என்று முடிவு செய்தால் அந்தத் தொகை வேட்பாளர் செலவில் சேரும். மக்களவை வேட்பாளருக்கு உச்சவரம்பு 95 லட்சம். வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் நாளிதழில் வரும் அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே சான்று வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவை எப்படி நம்புவது?

எடுத்தவர் யார் என்று தெரியாமல் போடாதீர்கள். மலையில் இது சுலபம். எந்த வளைவு, எந்த பஸ் ஸ்டாப் என்று பார்த்ததும் தெரிந்துவிடும், அந்த ஊர்க்காரர் ஒருவருக்கு போன் போட்டால் போதும்.

சிக்னல் இல்லாத ஊர்களில் என்ன ஏற்பாடு?

அதிகாரிகளே சில இடங்களில் போலீஸ் வயர்லெஸை நம்பித்தான் இருக்கிறார்கள். சிறியூர், ஆனைகட்டி பக்கம் போகிறவர்கள் எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்று டெஸ்கில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். விடியற்காலையில் தனியாக பைக்கில் போக வேண்டாம். யானைக்குத் தேர்தல் தெரியாது.

வாக்கு எண்ணும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி நேரம் கழித்து இயந்திரம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை, அதாவது ஓட்டுப் போட்டதும் இயந்திரம் அச்சிடும் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுவார்கள். அதன் முடிவை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள்.

வெற்றி வித்தியாசத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பாமல் நோட்டாவைப் பாருங்கள். 2014-ல் இங்கே நோட்டாவுக்கு 46,559 ஓட்டு விழுந்தது. அ.தி.மு.க., தி.மு.க.வுக்கு அடுத்து மூன்றாவது இடம். அந்தத் தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி இருந்ததால் அவர்கள் ஓட்டுதான் நோட்டாவுக்குப் போனது என்று உடனே எழுதினார்கள். ஒரு பகுதி அப்படி இருக்கலாம். ஆனால் எந்தெந்தச் சாவடிகளில் விழுந்தது என்று படிவம் 20-ஐ எடுத்துப் பார்த்த பிறகு எழுத வேண்டிய செய்தி அது. சாவடி வாரியான கணக்கு அதில் இருக்கும். ஹட்டியா, தோட்ட லைனா, நகரமா, சமவெளியா என்று பிரித்துப் பார்த்தால் மலை என்ன சொன்னது என்று தெரியும்.

முடிவு வந்த பிறகு டெஸ்கில் தேர்தல் செய்தி வேண்டாம் என்கிறார்கள். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

விளைவே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. எம்.பி. மக்களவையில் கேட்ட கேள்விகளும் அமைச்சர்கள் தந்த பதில்களும் மக்களவை இணையதளத்தில் தேதியோடு கிடைக்கும். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தேயிலை, அருவங்காடு, மலை ரயில், வனவிலங்கு இழப்பீடு பற்றி என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று ஒரு செய்தி. ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் மலைக்கு எவ்வளவு, சமவெளிக்கு எவ்வளவு என்று இன்னொரு செய்தி.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று வருகிறது: தொகுதி மறுசீரமைப்பு. 84-வது அரசியல் சட்டத் திருத்தப்படி மக்களவை இடங்களின் மாநிலவாரிப் பங்கீடு, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டுக்கு இடம் குறையுமா என்று மாநிலமே பேசுகிறது. அதற்குள் நம் மலைக்கு ஒரு தனிக் கவலை உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2001-ல் 7,62,141. 2011-ல் 7,35,394. பத்தாண்டில் ஏறவில்லை, இறங்கியது. வேலை தேடி இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியதை இந்த எண்ணில் பார்க்கலாம். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள். மலையில் மூன்று தொகுதிக்கும் சராசரி இரண்டரை லட்சம்கூட வராது. தலையை மட்டும் எண்ணிப் பிரித்தால் மலையின் குரல் இன்னும் சுருங்கும். மக்களவைத் தொகுதியில் சட்டமன்றத் தொகுதிக் கணக்கில் இப்போது பாதிக்குப் பாதியாக இருக்கும் மலை, நாளை மூன்றில் ஒன்றாகலாம். காடும் பள்ளத்தாக்கும் உள்ள இடத்தில் தலைக்கணக்கு மட்டும் போதுமா என்று கேட்க வேண்டிய நேரம் இதுதான். வரைவு வந்து ஆட்சேபம் கேட்கும்போது அந்தக் கொஞ்ச நாளில் நாம் தயாராக முடியாது, இப்போதே எழுத ஆரம்பிக்க வேண்டும். பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டையும் 106-வது திருத்தம் இந்த மறுசீரமைப்போடுதான் முடிச்சுப்போட்டிருக்கிறது. எந்தத் தொகுதி யாருக்கு ஒதுக்கப்படும் என்பதும் அதில் மாறலாம்.

இதெல்லாம் கொடைக்கானலுக்கும் பொருந்துமா?

விதிகள் ஒன்றுதான். கொடைக்கானல், பழனி சட்டமன்றத் தொகுதியில் சேர்ந்து, திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அங்கே மலை ஓட்டு இன்னும் சிறுபான்மை, அதனால் வேட்பாளர் மேலே ஏறிவருவதே அபூர்வம். சாலை இல்லாத வெள்ளகவி மாதிரி ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகிறது, அந்தப் படம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. இயந்திரத்தோடு நீங்களும் அந்தப் பாதையில் நடந்து போங்கள். சாலைக்கு எந்த அலுவலகத்தில் எந்த ஆண்டு மனு கொடுத்தார்கள், எந்தத் துறை எதற்காகத் திருப்பி அனுப்பியது என்று ஊர்க்காரர்கள் தாளோடு காட்டுவார்கள். அந்தத் தாள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணிக்கை முடிந்த அடுத்த வாரமே புதிய எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போய் அவற்றை வைத்தே முதல் கேள்வியைக் கேளுங்கள்.